பம்பின் மூக்கு

எங்கள் ஆலைப் பம்பில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் பெட்டி மேல் காளான் மாதிரி, ஓட்டைகளோடு ஒரு சின்ன மூடி உண்டு. பிரீதர் என்று பெயர், ஆட்கள் மூக்கு என்பார்கள். மணலியில் பம்புகளின் சூடும் அதிர்வும் பார்த்துச் சொல்லும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே எனக்கு அதன் மேல் ஒரு கண். காலடிப்பேட்டையிலிருந்து வருவதற்குள், டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதியில் என் துப்பட்டா நிறம் மாறிவிடும். அந்தப் புழுதி பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயில் விழுந்தால் பேரிங் காலி. பிறகு எதற்கு ஓட்டை? அடைத்துத் தொலைக்க வேண்டியதுதானே?

அந்தப் பம்புக்கு எண்ணெய் ஊற்றும் ஒப்பந்த ஃபிட்டர் பாயிடம் கேட்டேன். தண்டையார்பேட்டைக்காரர்.

"ஓடுனா சூடாவும்மா. உள்ள கீற காத்து வெளிய போவ வழி வேணாம்? ஆறிச்சின்னா திரும்ப உள்ள இஸ்துக்கும். தூசி வராம இருக்கத்தான் மூடிக்குள்ள வலை கீது."

மறுநாள் வீட்டில் இட்லிப் பானை மூடி துள்ளுவதைச் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். இட்லி குழைந்துவிட்டது.

ஆயுத பூஜை முடிந்து பம்பு ஓடிய முதல் நாளே தண்டுப் பக்கம் எண்ணெய் கசிந்தது. பாய் அதிகமாக ஊற்றிவிட்டார் என்றார் சூப்பர்வைசர். பாய் அளவு சரிபார்த்தார். மறுநாளும் கசிந்தது.

"இன்னொரு தடவை ஒழுகினா, கான்ட்ராக்டர்கிட்ட வேற ஆள் அனுப்பச் சொல்லிடுவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார் சூப்பர்வைசர். பாய் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளவுக் கண்ணாடியில் எண்ணெய் சரியாகப் பாதியில் நின்றதை நானே பார்த்திருந்தேன்.

கோபத்தைவிடக் குடைச்சல்தான் அதிகம். காலையில் ஓட்டியதும் கசியவில்லை, சூடேறிய பிறகுதான் கசிகிறது. அதென்ன கணக்கு? பம்பு முன்னால் போய் நின்றேன். காற்று வெளியே போக வழி வேண்டும் என்று பாய் சொன்னது நினைவுக்கு வர, மூக்கைப் பார்த்தேன். பூஜைச் சந்தனம் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமத்தோடு, ஓட்டைகளையெல்லாம் அடைத்துக் காய்ந்து கிடந்தது.

பாயைக் கூப்பிட்டேன். பம்பை நிறுத்தி, ஸ்பேனரால் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது.

"அடப்பாவமே, மூச்சு முட்டிக்கினு கெடந்துகீதும்மா!" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

புது மூடி, புது எண்ணெய். உச்சி வெயிலிலும் ஒரு சொட்டு கசியவில்லை. பார்க்க வந்த சூப்பர்வைசரிடம் பாய் பழைய மூடியை நீட்டினார். பூஜையன்று வேட்டி கட்டிக்கொண்டு எல்லாப் பம்புகளுக்கும் பொட்டு வைத்தவர் சூப்பர்வைசர்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, வேலையைப் பாருங்க" என்று போய்விட்டார். அவ்வளவுதானா என்று எனக்கு ஆறவேயில்லை.

அடுத்த வருடப் பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்த சூப்பர்வைசர், அந்தப் பம்பிடம் நின்று கிண்ணத்தைப் பாயிடம் நீட்டினார்.

"பாய், இதுக்கு நீங்களே வச்சிடுங்க."

பாய் ஒரு விரலால் தொட்டு, பெட்டியின் முன்பக்கம் கடுகளவு வைத்தார்.

"நெத்தி இங்க கீது சார். போன வாட்டி நீங்க வெச்சது மூக்கு."