ஆலான் தலையில் இருந்த நூல் பூ

1. பெரட்டில் வந்து நின்றவள்

நான் மலாயாவில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்து, பிழைத்தவள். பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கல்யாணமாகி வந்த நாள் முதல் இடுப்பு ஒடியும் வரை வெட்டினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு படித்த புண்ணியத்தில் இதை நானே எழுதுகிறேன். ஊரைவிட்டு ஓடி வந்தவர்களை அந்தக் காலத்தில் எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அட, எங்களுக்கு என்ன தெரியும்? ஒழுங்காகச் சேர்த்துக்கொள்ளவும் தெரியாது, விரட்டவும் தெரியாது. ஆலான் வந்த கதையைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். விடியற்காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள், அதற்குப் பெரட்டு என்று பேர். அன்றைக்குப் பெரட்டில், எங்களை மேய்க்கிற மண்டோருக்குப் பின்னால் ஒரு சீனப் பெண் நின்றாள். அவள்தான் ஆலான். கறுப்புக் காற்சட்டை, முதுகில் துணியால் கட்டிய பெண் குழந்தை, கையில் ஒரு மூட்டை. காதோரம் முடியில் வெள்ளை நூலால் செய்த ஒரு சின்னப் பூ.

“சண்டைக்குத் தப்பிக் கப்பலேறி வந்தவ. சீனக் கூலிங்க கூடித் தங்குற கொங்சி வீட்டுல சேத்துக்கல, புள்ள ராவெல்லாம் அழுவுதாம். தொரை நம்ம லயத்துலயே கடைசி ரூமக் குடுக்கச் சொல்லிட்டாரு” என்றார் மண்டோர். “பொன்னம்மா, ஒன் பக்கத்து மர நெரை இவளுக்கு. வெட்டக் கத்துக்குடு. மரத்தக் காயப்படுத்தினா அனுப்பிருவேன்.”

“ஏன் மண்டோரய்யா, என் தலையிலதான் கட்டணுமா?”

“ஒனக்குத்தான் வாயி இருக்கு. நீ கத்துனா சீனாவுக்கே கேக்கும்லா.”

பெரட்டு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், என்ன ஏது என்று தெரியாமலே. எனக்குக் கோபம் போய்விட்டது.

2. கத்தி பிடித்த கை

உளியை அவளிடம் கொடுத்தால் பட்டையை வெங்காயத் தோல் மாதிரி சீவுகிறாள். சுருள் சுருளாக விழுகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பால் ஒரு சொட்டு வரவில்லை! மரத்துக்கு வலிக்குமோ என்று பயப்படுகிறவள் மாதிரி மேலோட்டமாகவே போனாள். ஆழமாக வெட்டினால் மரம் புண்ணாகும், மேலாக வெட்டினால் பால் பிடிக்கிற மங்கு காலியாகக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதை வாயால் சொல்ல முடியாது. அவள் கைமேல் என் கையை வைத்து அழுத்திக் காட்டினேன். பால் கோடு பிடித்து இறங்கியதும் “ஹையா!” என்று கத்தினாள். முதுகில் இருந்த பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது.

அவள் ஊரில் பட்டுப்புழு வளர்த்தவளாம். எனக்குத் தெரிந்த பாசார் மலாயும், அதுதான் கடைத்தெரு மலாய், அவளுக்குத் தெரிந்த பாசார் மலாயும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் வராது. மிச்சத்தைக் கையால் சொன்னாள். கையை விரித்து ஆட்டினாள், அது விமானம். விரல்களை மேலே துள்ளவிட்டாள், அது நெருப்பு. பிறகு உடம்பை அலைபோல ஆட்டினாள், அது கப்பல். புருஷன் எங்கே என்று கேட்டேன். “லாக்கி” என்று சொல்லிக் கடல் பக்கம் கையை நீட்டியதோடு நிறுத்திக்கொண்டாள். சண்டையில் இருக்கிறான் போலும் என்று நினைத்தேன். தலையில்தான் பூ இருக்கிறதே, பிறகென்ன கேட்பது?

என் மாமியார் முத்தாயி அப்போது மரம் வெட்டுவதை விட்டு எங்கள் வரிசை வீட்டில், லயத்தில், இருந்தார். முகம் கடுகடு, வாய் என்னைவிட நீளம். “சீனத்திப் புள்ளைக்கு நானா ஆயா?” என்று முதல் நாள் குதித்தார். பத்து நாள் போகவில்லை, அந்தப் பிள்ளைக்கு ரசம் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை அழுதால் கொங்சிக்காரர்களைத் திட்டினார்.

அந்தச் சமயம் நான் முழுகாமல் இருந்தேன். இதற்கு முன் ஒரு பிள்ளை பிறந்து அழவே இல்லை. அப்படியே எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு அடியும் பயந்து பயந்துதான் வைத்தேன். வெட்டுவதுகூடப் பரவாயில்லை. காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டித் தோளில் வைத்து ஸ்டோருக்கு நடப்பதுதான் உயிர் போகும் வேலை. வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து ஆலான் என்னைக் காண்டாவைத் தொட விடவில்லை. தன் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஓடி வருவாள், என் வாளிகளைத் தூக்குவாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லிக் காட்டவில்லை. கூடப் பிறந்தவள் இருந்தால்கூட இப்படிச் செய்திருப்பாளா என்று நான் அழுதிருக்கிறேன்.

3. வளைகாப்பு

முதல் பிள்ளை தங்காததால், இதையே தலைப்பிள்ளையாக வைத்து மறுபடி வளைகாப்பு செய்ய வேண்டும் என்றார் என் மாமியார். அதோடு நிற்கவில்லை.

“மொத வளையல ஆலான் போடட்டும். வாளி தூக்குறவ அவதான? பூவும் பொட்டுமா இல்லாட்டியும் பூவாச்சும் வச்சிருக்கா.”

வளைகாப்பில் முதல் வளையல் போடுவது சுமங்கலிக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை. அதை வேற்று இனத்துப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னது என் மாமியார்! மண்டோர் சம்சாரம் செல்லம்மா அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நாளும் முதல் வளையல் அவர்தான் போடுவார்.

அன்றைக்கு ஆலான் வாசலோடு நின்றுவிட்டாள். “தா போலே, தா போலே” என்று தலையை ஆட்டினாள். முடியாது, கூடாது என்று அர்த்தம். “வெக்கப்படுறா பாரு!” என்று பெண்கள் சிரித்துக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். என் மாமியார் மட்டும் அடுப்படி நிலையை ஒட்டி நின்றுகொண்டார். அவர் தாலியறுத்தவர். மருமகள் கையில் ஒரு வளையல்கூடப் போட மாட்டார், பிள்ளைக்கு ஆகாது என்று தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்வார்.

ஆலான் இரண்டு கண்ணாடி வளையல்களை என் கையில் ஏற்றினாள். எல்லாரும் குலவை போட்டார்கள். சந்தோஷத்தில் செல்லம்மா அக்காவின் மகள் ஒருத்தி, “ஐயே, விசேஷத்துக்கு நூலுப் பூவா? நல்ல பூ வச்சிக்க” என்று மல்லிகைச் சரத்தோடு போய் அந்த வெள்ளைப் பூவைப் பிடுங்கப் பார்த்தாள். ஆலான் பதறி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

“ஜாங்கான்! லாக்கி... சுடா மாத்தி.”

இந்த நாலு சொல்லும் தெரியாதவர்கள் எங்கள் லயத்தில் கிடையாது. எடுக்காதே, என் புருஷன் செத்துவிட்டான். வெள்ளை நூல் பூ அவர்கள் ஊரில் துக்கத்துக்கு அடையாளமாம். நாங்கள் எதைப் பார்த்து மங்கலம் என்று உள்ளே இழுத்தோமோ, அதைத்தான் அவள் சாவுக்கு வைத்திருந்தாள்.

“அடிப் பாவி! கழட்டுடி பொன்னம்மா! ஒடச்சிப் போடு!” என்று செல்லம்மா அக்கா கத்தினார். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். ஆலானுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எல்லார் கண்ணும் என் கையைப் பார்ப்பது தெரிந்துவிட்டது. “பந்தாங்” என்றாள். எங்களுக்கும் அதே சொல்தான், ஆகாது, தீட்டு. துக்கக்காரி விசேஷ வீட்டுக்குள் வருவது அவர்களுக்கும் பந்தாங். அதனால்தான் வாசலில் நின்றிருக்கிறாள்! முட்டி போட்டு என் கையைப் பிடித்து வளையலை உருவப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அழாமல் போன அந்தப் பிள்ளையின் முகம்தான் முன்னால் வந்தது. ஆனாலும் கையை மூடிக்கொண்டேன்.

“வாளி தூக்குன கைதான போட்டுச்சு? இருக்கட்டும்” என்றேன்.  ஆலான் எழுந்து போய்விட்டாள். என் மாமியார் மிஞ்சிக் கிடந்த வளையல்களைப் பொறுக்க ஆரம்பித்தார். 

4. மூட்டை

மறுநாள் பெரட்டில் ஆலான் இல்லை. வேறு தோட்டம் தேடிப் போகிறாள், நல்லதாகப் போயிற்று என்று யாரோ சொன்னார்கள். நான் உளியைப் போட்டுவிட்டு லயத்தின் கடைசி ரூமுக்கு ஓடினேன். ஓட்டம் என்ன ஓட்டம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாத்து நடைதான்.

உள்ளே பார்த்தால், ஆலான் கட்டி வைத்த மூட்டையின் மேல் என் மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! மடியில் பிள்ளை. ஆலான் எதிரே செய்வதறியாமல் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக இப்படி என்று தெரியவில்லை.

“அத்தே, என்ன இது?”

“எந்திரிக்க மாட்டேன். இவ போயிட்டா ஒன் வாளிய எவ தூக்குவா? செல்லம்மாளா தூக்குவா?”

பின்னாலேயே வந்த செல்லம்மா அக்கா, “முத்தாயி, புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?” என்றார்.

என் மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். “மொதத் தடவ வளையல் போட்டது யாரு? நீதான? பூவோடதான போட்ட? நா ஒதுங்கித்தான நின்னேன்? ஒரு வளையலத் தொட்டேனா? அந்தப் புள்ள அழுதுச்சா சொல்லு!”

 என் மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நேற்று மிஞ்சிய வளையல் இரண்டு இருந்தது.

“கைய நீட்டுடி பொன்னம்மா. தாலியறுத்தவ ஒருத்தி போட்டாச்சு. இன்னொருத்தி போட்டா என்ன கொறஞ்சிரும்?”

அவர் போட்டுவிட்டபோது நான் ஓவென்று அழுதேன். ஆலான் மூட்டையைப் பார்த்தாள், என் மாமியாரைப் பார்த்தாள். பிறகு உளியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு நடந்தாள். நேரம் கழித்து வந்ததற்கு மண்டோர் எங்கள் இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினார்.

பிள்ளை மழை நாளில் பிறந்தது. பெண். வெளியே வந்ததும் வராததுமாக லயமே கேட்கக் கத்தினாள். “கத்துறாடி! அவ ஆத்தாளாட்டமே கத்துறா!” என்று என் மாமியார் வாசலுக்கு ஓடினார். அங்கே மழையில் நனைந்தபடி ஆலான் நின்றிருந்தாள். துக்கக்காரி என்பதால் அப்போதும் உள்ளே வரவில்லை.

5. நான் கற்றுக்கொண்டது

பெரட்டில் பேர் கூப்பிட்டுவிட்டால் ஒருவர் தோட்டத்து ஆள் ஆகிவிடுவார் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது மண்டோருடைய வேலை, காலையில் முடிந்துவிடும். மிச்ச வேலை நம்முடையது. அதற்கு நாம் பயந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என் மாமியார் விட்டுக்கொடுத்தார். எந்தப் பள்ளிக்கூடமும் படிக்காத மனுஷி!

என் மகள் தவழத் தொடங்கிய சமயத்தில் ஆலானின் துக்கக் காலம் முடிந்தது. அன்று காலையில் அந்த நூல் பூவை எடுத்துவிட்டு வெறும் தலையோடு வந்தாள். எங்கள் கண்ணுக்கு அன்றைக்குத்தான் அவள் கைம்பெண் மாதிரி தெரிந்தாள். துக்கம் போனால் அவர்களுக்குச் சிவப்பு வைக்கலாமாம். லயத்து வேலியில் பூத்திருந்த செம்பருத்தியில் ஒன்றைப் பறித்துக் காதோரம் வைத்தாள். இன்னொன்றைப் பறித்துக்கொண்டு நேராக என் மாமியாரிடம் போய், அந்த நரைத்த கொண்டையில் செருகிவிட்டாள்.

“அடி போடி, கூறு கெட்டவளே! எனக்கா பூ?” என்று கத்தினார் என் மாமியார். அடிக்கக் கை ஓங்கினார்.

ஓங்கிய கை பூவுக்குப் போகவில்லை. அப்படியே கூடையை எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, கடைக்குச் சாமான் வாங்கப் போனார்.