ஒருசந்தியும் ஒரு வாய்க் கஞ்சியும்

அன்றைக்கு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையைத் தொட்டேன். பங்குனி வெயிலில் முத்தியால்பேட்டையே கொதிக்கிறது, அவர் கை மட்டும் ஜில்லென்று இருந்தது. நெஞ்சில் கை வைத்தேன். ஒரு துடிப்பு. அடுத்தது வருமா வராதா என்று காத்திருந்தேன். வந்தது. அதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

மாதாவின் பிள்ளைகளே, நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. என் பேர் ஆரோக்கியம். ஐந்தாவதுதான் படிப்பு. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அது 1958ஆம் வருஷம். அவர் பேர் சவரிமுத்து. மில் மிஷினில் இடது கால் போனது. அதற்கப்புறம்தான் கடலில் இறங்கினார். ரெண்டு கால் உள்ளவர்களையே நீச்சலில் ஜெயித்தார். ஈஸ்டர் முடிந்ததும் மெட்ராஸில் பெரிய பந்தயம், இவரையும் எடுத்திருந்தார்கள். ஜெயிக்க வேண்டும் என்று, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் முழுக்க ஒருசந்தி நேர்ந்துகொண்டார். நாளுக்கு ஒரு வேளைதான் சோறு. காலையும் சாயந்திரமும் கடல்.

"ஒரு கால் போனவனுக்கு முக்கால் வயிறு போதும்டி" என்பார் மாமியார். என் வீட்டுக்காரரும் சிரிப்பார். "கனம் கொறைஞ்சா தண்ணியில வேகம், ஆரோக்கியம்" என்பார் என்னிடம். கால் இல்லாத உடம்புக்குத் தீனி கம்மியாகப் போதும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வெட்டின கால் ஓரத்தில் புண் ஆறவே இல்லை. நடக்கக் கட்டை ஊன்றுகிற கை வீங்கியது. தொட்டதுக்கெல்லாம் எரிந்து விழுந்தார்.

அவர் கை ஜில்லிட்டிருந்ததற்கு மறுநாள் காலையில், "இன்னிக்கு வேணாங்க" என்றேன்.

"பயந்தாங்கொள்ளி, கட்டையப் புடி" என்று ஒற்றைக் காலில் தத்தி அலைக்குள் போனார். தலை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. கட்டையோடு நானும் தண்ணீரில் இறங்கிவிட்டேன். கத்தக்கூட வாய் வரவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பாய்ந்து போய் அவரைத் தூக்கி வந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். "கை எலும்புல விரிசல் விட்டிருக்கு. சீக்கு இல்ல, பட்டினி. கட்டையில நடக்கவே மத்தவனவிட உடம்பு அதிகமா உழைக்கும். அதுக்கு மேல நீச்சல் வேற. சோறு போடலேன்னா அது எலும்பைத் தின்னும், நெஞ்சையும் தின்னும். இன்னிக்கே சாப்புடணும்."

கஞ்சி வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நேர்ந்துகிட்டேன், மிசே" என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம், டாக்டரை எங்கள் ஊரில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"ஒடம்பு முடியாதவனுக்கு ஒருசந்தி கெடையாதுய்யா" என்றார் டாக்டர்.

"நொண்டிக்குச் சலுகையா? எனக்கு வேணாம்."

வராந்தாவில் மண்டி போட்டேன். ஜெபமாலைகூட கையில் இல்லை. "தாயே, பந்தயம் வேணாம், பேரு வேணாம். அவரு ஒரு வாய் முழுங்கினா போதும்." இதையேதான் அழுது அழுது சொன்னேன்.

கண்ணைத் திறந்தால், எங்கள் கோயில் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வருகிறார்! சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தை பூசுதல் என் புருஷனுக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை. வேறொரு வார்டு கிழவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் ஆள் அனுப்பவே இல்லை. யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"சவரி, மூட்டை தூக்குறவனுக்கு ஒருசந்தி உண்டா?"

"இல்ல சாமி. பாடுபடுறவனுக்குக் கெடையாது."

"அப்ப கடல்ல நீ செய்யறது என்னா? உனக்குக் கால் இல்லேன்னு நான் ஒருசந்தியிலேர்ந்து விடல. பாடுபடுறேன்னு விடுறேன். சாப்புடு."

அவர் வாயைத் திறந்தார். முதல் வாய்க் கஞ்சி தொண்டையில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வாயை ஊட்டினேன்.

அந்த வருஷம் பந்தயத்துக்குப் போகவில்லை. புண் ஆறியது, எலும்பு கூடியது. அடுத்த வருஷம் போய் மூன்றாவதாக வந்தார். மாமியாரே முட்டை அவித்துக் கட்டிக் கொடுத்தார்.

அவர் உயிரோடு இருந்தவரைக்கும் தபசு காலத்து ஒருசந்தி அவருக்குப் பதிலாக நான் இருந்தேன், அவருக்கு மூன்று வேளையும் பரிமாறினேன். உங்கள் வீட்டிலும் சாமிக்கென்று சொல்லி யாராவது உடம்பை வாட்டினால், பயந்து சும்மா இருக்காதீர்கள். மாதாவிடம் கேளுங்கள். பிள்ளை பட்டினி கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற தாய் அவள் இல்லை.