கோபம் அம்மாவுக்கு, ஆத்திரம் எனக்கு

கோபமும் ஆத்திரமும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் என்னோடு ஒருநாள் பஸ்ஸில் வந்து பார்க்கலாம். வண்டி ஐந்து நிமிடம் சும்மா நின்றால் என் கால் தானாக ஆடத் தொடங்கும். எனக்குக் கோபம் அவ்வளவாக வராது. வருவதெல்லாம் ஆத்திரம். கோபப்படுகிற ஆளுக்கு யார்மேல், எதற்காக என்று தெரியும். ஆத்திரம் வந்தவளுக்குக் கையும் காலும் மட்டும்தான் இருக்கும், தலை இருக்காது. இது எனக்குப் பிடிபட்டது ஏற்காட்டு மலைப்பாதையில்.

எண்பதுகளில் ஓர் ஆடி மாதம். ஆசிரியப் பயிற்சிக்குச் சேலத்தில் காலையில் நேர்காணல். இடம் கிடைத்தால் டீச்சர். கிடைக்காவிட்டால் மறுநாளே அம்மாவோடு எஸ்டேட்டில் களை வெட்டப் போக வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் மூன்றாவது வழி கிடையாது. எங்கள் ஊரான தலைச்சோலையிலிருந்து விடியும்போதே நடந்து வந்து, நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். சான்றிதழ்கள் இருந்த மஞ்சப்பையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே செங்கல் லாரி. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் பின்னால் எடுக்க வேண்டும். ஆனால் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஜீப்புகள் ஒட்டி நின்றன. லாரிக்காரர் அதையெல்லாம் கேட்கிற ஆளில்லை. "ஏறுற வண்டிக்குத்தானுங்க வழி" என்று இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். எங்கள் டிரைவரும் அணைத்தார். கண்டக்டர் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். கல் வைத்துவிட்டார்கள் என்றால் இப்போதைக்கு நகராது என்று அர்த்தம்.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"செத்த பொறு கண்ணு" என்றாள் அம்மா.

"நீ இங்கயே பொறுத்துக்கிட்டு இரு. நான் குறுக்குப் பாதைல எறங்கி, அடிவாரத்துல வேற பஸ்ஸு புடிச்சுக்கறேன்" என்று கத்திவிட்டுக் குதித்துவிட்டேன். அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை. பஸ்ஸைவிட நம் கால் வேகம் என்பது மலைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள திமிர்.

பாறையும் புதருமாக இறங்கினேன். முகத்தில் அடித்த கிளையைத் தள்ளக் கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது. இரண்டும் வெறுங்கை. பை அம்மாவின் மடியில். மேலே ஏறத் திரும்பினேன். அதற்குள் ஜீப்புகள் பின்வாங்கி வழி பிறந்திருக்கிறது. மரங்களுக்கு இடையே எங்கள் பஸ் என்னைத் தாண்டிக் கீழே போனது. கல்லை உதைத்தேன், கட்டைவிரல் கிழிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும் இல்லை. அழுதுகொண்டே ஓடினேன்.

அடிவாரத்தில் பஸ் நின்றிருந்தது. அதன் எதிரே, பம்பரை ஒட்டி, மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, மத்தவங்க எல்லாம் வேலைக்குப் போக வேண்டாமுங்களா? நகருங்க!"

"எம்புள்ள வராம நகரமாட்டனுங்க. போகோணும்னா எம்மேல ஏத்திட்டுப் போங்க."

அப்போதும் 'ங்க' விடவில்லை, குரலும் உயரவில்லை. கூலிக்கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் எதிரில் வாய் திறக்காத அம்மா அவள். எனக்குப் பயமாக இருந்தது. கோபம் என்றால் அதுதான்.

என்னைப் பார்த்ததும் ஓரமாக நகர்ந்தாள். "ஏறு" என்றாள். வழக்கமான 'கண்ணு' கூட இல்லை.

நேர்காணலுக்குக் கடைசி ஆளாகப் போய் நின்றேன், இடமும் கிடைத்தது. ஆனால் அன்றைய நாளில் எனக்கு நினைவிருப்பது பஸ்தான். என் பாவாடை முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துகொண்டு வந்தாள். எல்லாம் முடிந்ததும் பாவாடையை நீவிவிட்டாள். மஞ்சப்பையை என் மடியில் வைத்தாள். பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தவள், சேலம் பஸ் ஸ்டாண்டு வரும்வரை விடவேயில்லை.