சாமி ஏறிய கார்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் ஆட்கள் மேல் சாமி ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சாமி ஒரு காரிலிருந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் அன்றைக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற எங்கள் லயத்து ஆட்கள் மட்டும்தான். இறக்கிவிட்டது பூசாரி அல்ல, என் அம்மா. இதை எங்கே சொன்னாலும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொல்வேன். இப்போதும் அப்படித்தான்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். துரை ஒரேயடியாகச் சீமைக்குத் திரும்பியபோது, கொட்டகையில் கிடந்த பழைய காரை அப்பாவிடம் விட்டுப்போனார். அதன் ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டவேண்டும். ஹோர்ன் தனக்குத் தோன்றினால்தான் அடிக்கும். ஆனாலும் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவர் சொந்தமாகக் கார் வைத்திருந்தது எங்கள் வட்டாரத்தில் அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்க்கவேண்டும். எங்களையெல்லாம் அவர் அத்தனை அக்கறையாகக் குளிப்பாட்டியதே இல்லை. துரை போனபிறகு அப்பா அதை வாடகைக்கு, ஹயர் ஓட்டினார். கல்யாணம், ஆஸ்பத்திரி, பண்டாரவளைச் சந்தை என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். எத்தனை மோசமான பாதையிலும் உடம்பு நோகாமல் கொண்டுபோய்விடும் என்று பெயர் எடுத்திருந்தது.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழா நேரத்தில், வழக்கமாகச் சாமி ஏறிவரும் தோட்டத்து லொறி பழுதாகிவிட்டது. கோயில்காரர்கள் அப்பாவைத் தேடிவந்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூரைமேல் பலகை கட்டி, பூவால் சோடித்து, அம்மனை ஏற்றினார்கள். அப்பா குளித்து, மேலெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு, சட்டை இல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கார் நடைவேகத்தில் லயம் லயமாகப் போனது. ஒன்பது வயதுக்காரியான நான் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நடந்தபடி, இது எங்கள் கார் என்று தெரியாத ஒருவராவது கூட்டத்தில் இருக்கமாட்டாரா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கார் வேறு காராக இருந்தது. திருவிழாவுக்கு வந்திருந்த சம்பந்தியம்மாவை, அதாவது என் அக்காவின் மாமியாரை, அப்பா கொஸ்லந்தையில் கொண்டுபோய் விடப் புறப்பட்டார். நானும் தொற்றிக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சீட்டு எங்களைத் தூக்கி அடித்தது. ஒரு வளைவில் சம்பந்தியம்மாவின் தலை கூரையில் இடித்து, வாயிலிருந்த வெற்றிலை முன்சீட்டில் போய் விழுந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. இந்த வண்டியில எம் மருமகள ஏத்தி அனுப்பமாட்டேன். பிரசவம் இங்கேயே நடக்கட்டும்."

அக்கா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நல்ல நாள் பார்த்து வைத்திருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியை பஸ்ஸில் ஏற்றுவது பற்றிப் பேச்சே இல்லை. கார் இருக்கிற தைரியத்தில்தான் அம்மா நாளே குறித்தாள். மூத்த மகளின் முதல் பிள்ளை தன் வீட்டில் பிறக்காமல் போவதை அம்மாவால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. அப்பா வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள், அக்காவுக்காகத் துவைத்து மடித்து வைத்திருந்த பழைய துணிகளை மறுபடியும் எடுத்து மடித்தாள்.

அப்பா வைத்தியத்தைத் தொடங்கினார். முதலில் டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். கார் இன்னும் முரட்டுத்தனமாகத் தூக்கி அடித்தது. பிறகு ஷொக் அப்சோபரைக் கழற்றி எண்ணெய் மாற்றினார். பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையில் கழிவு எண்ணெயை விட்டு ஊறவைத்தார். எதற்கும் கார் மசியவில்லை. சாமியின் பாரத்தில் பட்டை உடைந்திருக்குமோ என்று அவருக்கு உள்ளூரச் சந்தேகம். ஆனால் அம்மன் ஏறியதால் கார் கெட்டுவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் என்னையும் ஏற்றிக்கொண்டு, ஹல்துமுல்லையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனார்.

பாஸ் சிங்களவர். நல்ல வேலைக்காரர், நல்ல பக்திமானும்கூட. காருக்கு அடியில் நுழைந்தவர், போன வேகத்திலேயே வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். உள்ளே பின்பக்கம் இரண்டு பக்கமும் மஞ்சள் துணி சுற்றிய பொட்டலம் இருந்தது, குங்குமமும் வைத்திருந்தது. அப்பாவும் அதை முன்பே பார்த்திருந்தார். திருவிழாவில் பூசாரி கட்டிய காப்பு என்று நினைத்து, அதற்குமேல் கைவைக்காமல் விட்டிருந்தார். "பட்டை ஒடையல்ல அண்ணே, எல்லாம் ஓகே" என்று பாஸ் சொல்லிவிட்டார். ஓகேயான கார் எங்களை வழியெல்லாம் உதைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது.

இதற்குள் லயத்து ஆட்களுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. ஏறிய சாமி இன்னும் இறங்கவில்லை, காருக்குள் இருந்து ஆடுகிறது, அவ்வளவுதான். செவ்வாய், வெள்ளிகளில் காருக்கு முன்னால் யாரோ சூடம் கொளுத்திவைத்துப் போனார்கள். பானெட்டில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. கும்பிடுவதற்கு ஆள் வந்தார்களே தவிர, ஹயருக்கு ஒருவரும் வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் காரில் சாமி குடியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பாதான் இளைத்துப்போனார்.

அக்காவை அழைக்கவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கார் பெரட்டுக் களத்தில் நின்றது. அம்மா வந்து பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். அம்மா நல்ல கனத்த உடம்புக்காரி. அவள் ஏறினால் கார் அந்தப் பக்கமாகத் தணியும் என்று அப்பா எப்போதும் கேலி செய்வார். அன்றைக்கு அப்பா கேலி செய்கிற நிலைமையில் இல்லை.

"ஏங்க, நான் ஏறினா இது அமுங்குமே. இப்ப அமுங்கலையே?"

அப்பா குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"பட்டை ஒடஞ்சிருந்தா இன்னும் கூடல்ல அமுங்கணும்? ஏதோ முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்குது."

சொல்லிவிட்டு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காருக்குப் பின்னால் மண்ணில் படுத்தாள். பெண்பிள்ளை ஒருத்தி காருக்கு அடியில் படுப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. லயத்தில் அதற்குப் பின்னும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இது எஞ் சேலைங்க!"

மஞ்சள் துணியின் ஓரத்தில் அவளுடைய பழைய சேலையின் மாங்காய்க் கரை தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. திருவிழா அன்று விடியற்காலை, அப்பா பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த நேரம், கோயில் வேலை பார்த்த ஆசாரி ஆள் அனுப்பி ஒரு துணி கேட்டிருந்தார். சாமி காரியம் என்பதால் அம்மா பழைய சேலை ஒன்றைக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். உயரத்தில் இருக்கிற அம்மன் வளைவுகளில் ஆடிச் சாய்ந்துவிடக்கூடாது என்று, ஆசாரி அந்தத் துணியை மரக்கட்டைகளில் சுற்றி, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டிருக்கிறார். சாமி அசையவில்லை, காரின் ஸ்பிரிங்கும் அன்றிலிருந்து அசையவில்லை. திருவிழா முடிந்த கையோடு ஆசாரி ஊரைப் பார்க்க இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். கழற்றச் சொல்ல வேறு யாருக்கும் தெரியாது.

அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னாள். கூட்டம் நம்பத் தயாராக இல்லை. சேலை உன்னுடையதாக இருக்கலாம், சாமிக்குக் கட்டியது சாமியுடையதுதானே என்றார் ஒரு கிழவர். நிறைமாதத்துப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதில் கைவைக்காதே என்று கங்காணி வீட்டு அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்தார். அப்பாவுக்கே தயக்கம். அம்மா காரின் கூரையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டாள்.

"எஞ் சேலைய அந்த மாரியம்மா கட்டிக்கட்டும், வேணாங்கல. எம் புள்ள வீட்டுக்கு வரணும். நீங்க ஜக்க போடுங்க."

அப்பா ஜக்கைப் போட்டுச் சட்டத்தைத் தூக்கினார். இடைவெளி விரிந்ததும் அம்மா சுத்தியலால் தட்டி ஒரு கட்டையை இழுத்தாள். பிறகு அடுத்த பக்கம். இரண்டையும் கீழே போடாமல் ஒரு தட்டில் வைத்தாள். அப்பா ஜக்கை இறக்கினார். கார் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, பின்பக்கமாகத் தணிந்து உட்கார்ந்தது.

"சாமி எறங்கிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். சில பெண்கள் குலவையிட்டார்கள். நான் குதித்தேன்.

அன்று மாலையே அப்பாவும் அம்மாவும் நானும் கொஸ்லந்தைக்குப் போனோம். அப்பா சம்பந்தியம்மாவிடம், ஒரு சுற்றுப் போய்வந்து பிறகு முடிவு சொல்லுங்கள் என்றார். அவர் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். முதல் வளைவில் ஒரு கையை எடுத்தார். இரண்டாவது மைலில் அம்மாவின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். வீட்டுக்குத் திரும்பிவந்து எழுப்பியதும், என்றைக்கு அழைக்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டார்.

யார் சரிசெய்தது, ஹல்துமுல்லை பாஸா என்று அக்காவின் மாமனார் கேட்டார். ஆண்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்த இடம். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பாஸுமில்ல, நானுமில்ல. எல்லாம் எஞ் சம்சாரம்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த நிமிஷத்தில் இருந்த பெருமை, பிறகு நான் படித்துப் பட்டம் வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

குறித்த நாளில் அக்கா எங்கள் காரில் வந்தாள். ஒரு மாதம் கழித்து ஒரு விடிகாலையில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று மருத்துவச்சி வெளியே வந்து சொன்னதும், அம்மா அடுப்படியில் நின்றபடியே பழைய சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். அவள் அப்படி அவசரமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கட்டையை எடுத்த நாளிலிருந்து அவள் விரதமாக ஒருவேளைதான் சாப்பிட்டுவந்தாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. சேலை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அதன்மேல் பூசாரி மந்திரம் சொன்னாரா இல்லையா என்று அவளுக்கும் தெரியாது. அக்காவுக்கோ குழந்தைக்கோ ஒரு சின்னக் குறை வந்திருந்தாலும், அந்தத் தோட்டம் முழுக்க ஆயுசுக்கும் அவளை நோக்கித்தான் கைநீட்டியிருக்கும். அதைவிட, அவளே தன்னைச் சும்மா விட்டிருக்கமாட்டாள். இவ்வளவும் தெரிந்துதான் அவள் சுத்தியலை எடுத்தாள். என் அம்மா கார் வைத்தியம் பார்ப்பாள் என்று நான் பள்ளிக்கூடத்தில் அளந்துகொண்டிருந்த அந்த மாதம் முழுக்க, அவளுக்கு ராத்திரியில் பசிப்பதில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவள் பங்கு ரொட்டியையும் நானே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.