மாப்பிள்ளை வண்டியில் ஒரு ‘டிக்’

அந்தச் சத்தம் ஒரே ஒரு முறைதான் கேட்டது. பட்டறை முதலாளியம்மாவின் மாப்பிள்ளை தாமே சோதனை ஓட்டம் ஓட்டிக்கொண்டு வந்த பிக்கப் வண்டி, பட்டறை வாசலிலிருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, முன்புறத்து வலச் சக்கரத்தருகே ‘டிக்’ என்றது. வாசலில் நின்றிருந்த மூவரில் அது ஒருவர் காதில் மட்டுமே விழுந்தது. பட்டறையில் அவரை எல்லோரும் ‘சந்தேகம்’ என்றுதான் அழைப்பார்கள்.

சந்தேகத்துக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தே நரைத்தவர். முறுக்கிய நட்டை மறுபடி முறுக்கிப் பார்ப்பார். வீட்டுக்குக் கிளம்பிப் பாதி வழி போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். “கல்யாணத்தன்னிக்கே எங்கிட்ட ரெண்டு தடவை பேர் கேட்டவரு” என்று அவர் மனைவி சொல்வதுண்டு. வண்டியைத் தூக்கும் லிஃப்டின் சாவி பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் இடுப்பில்தான் தொங்கியது. எந்த வண்டி வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று சொல்லும் உரிமையும் அதனோடு தொங்கியது.

அந்த உரிமைதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. போன மாதம் ஒரு லாரியில் ஏதோ உருளும் சத்தம் கேட்கிறதென்று முன்பக்கம் முழுவதையும் ஒருநாள் முழுக்கப் பிரித்துப் போட்டார். கடைசியில் அது சீட்டுக்கு அடியில் உருண்ட தண்ணீர்ப் பாட்டில். பட்டறை வயிறு வலிக்கச் சிரித்தது. முதலாளியம்மா சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை ஆதாரமில்லாம வண்டியை நிறுத்தினீங்கன்னா, சாவியைக் குடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார்.

இன்றைய வண்டியோ முதலாளியம்மாவின் மாப்பிள்ளையுடைய வண்டி. முன்பக்கம் தாழ்ந்து நிற்பது பிடிக்காமல், பின்பக்கத்துக்குச் சமமாக உயர்த்தும் இரும்பு ஸ்பேசர்களை மாப்பிள்ளை தாமே வாங்கி வந்திருந்தார். அதிர்வு தாங்கும் ஷாக்கின் தலையில் அவற்றை வைத்துப் பூட்டினால் வண்டி இரண்டு இஞ்ச் நிமிரும். இடப்பக்கம் சொன்னபடி உட்கார்ந்தது. வலப்பக்கம் கீழ் போல்ட் துளைக்கு நேராக வரவேயில்லை. கடப்பாரையால் நெம்பி அடித்து ஏற்ற மற்றவர்கள் தயாராக இருந்தார்கள், சந்தேகம் தடுத்தார். ஸ்பேசரின் மேற்பரப்பு சற்றே சரிவானது என்பதைக் கவனித்து, கழற்றித் திருப்பி வைத்தார். போல்ட் விரலாலேயே உள்ளே போயிற்று. சக்கரங்களின் கோணமும் சரிபார்க்கப்பட்டது. மணி மூன்றரை. நான்கு மணிக்கு மாப்பிள்ளை மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் தம் பெற்றோர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

“வண்டிச் சாவியைக் குடுங்க, கிளம்பறேன்” என்றார், லிஃப்டில் ஏற்றிய வண்டிக்குக் கீழே நின்ற மாப்பிள்ளை.

“கொஞ்சம் இருங்க சார். ஒரு சத்தம் கேட்டுச்சு.”

“சீட்டுக்கடியில பாத்தீங்களா?” மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சக்கரங்கள் தொங்கிய நிலையில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்முக்கும் ஷாக்கைச் சுற்றியிருந்த ஸ்பிரிங்குக்கும் இடையே சந்தேகம் ஒரு அட்டையை நுழைத்தார். நுழைந்தது. ஆனால், அட்டைதான் நுழைந்தது, விரல் நுழையவில்லை.

“இடம் இருக்குல்ல?” என்றார் முதலாளியம்மா.

“இருக்குங்கம்மா. நிக்கும்போது இருக்கு.”

“மாப்பிள்ளை முன்னாடி என் மானத்தை வாங்காதீங்க. இருக்குன்னா இருக்கு, இல்லேன்னா இல்லை.”

சந்தேகம் தம் இழுப்பறையிலிருந்து ஒரு பச்சை உருண்டையை எடுத்தார். தம் மகள் விளையாடி அலுத்துப்போட்ட பொம்மைக் களிமண். அதை மெல்லிய தகடாக்கி மேல் ஆர்மின் மீது ஒட்டினார். இரும்பு இரும்பைத் தொட்டால் களிமண் கிழிந்து காட்டிக்கொடுக்கும். பிறகு தாமே வண்டியில் அமர்ந்து வேகத்தடையில் இரண்டு முறை ஏறி இறங்கினார். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது களிமண் ஒட்டியபடியே முழுசாக இருந்தது.

“நல்லா இருக்கு அண்ணே, களிமண் வேலை. குழந்தைக்குக் குடுங்க, விளையாடட்டும்” என்றார் மாப்பிள்ளை.

முதலாளியம்மா கையை நீட்டினார். லிஃப்ட் சாவிக்காக நீட்டிய கை அது. சந்தேகத்தின் விரல்கள் இடுப்புக்குப் போயின, முடிச்சு அவிழவில்லை. மணி மூன்று ஐம்பது. கிளம்பத் தயாராக வந்து நின்ற முதலாளியம்மாவின் மகள், தூக்கத்தில் இருந்த குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு சலிப்போடு சொன்னாள்: “விடும்மா. இந்த அண்ணா எறும்பு நசுங்காத மாதிரி ஓட்டறாரு. எங்க வீட்டுக்காரரு ஓட்டினா எனக்கே நாலு இடத்துல சத்தம் வரும்.”

சந்தேகத்தின் கை நின்றது. சத்தம் கேட்டது மாப்பிள்ளை ஓட்டியபோது. களிமண்ணைச் சோதித்தது தாம் ஓட்டி. குறையை இத்தனை நேரம் மறைத்து வைத்திருந்தது தம் நிதானமேதான்.

“அம்மா, லிஃப்ட் சாவியைத் தரேன். அதுக்கு முன்னாடி சார் ஒரே ஒரு தடவை ஓட்டட்டும். மலை ரோட்டுல எப்படி ஓட்டுவாரோ, அப்படி.”

“ஓட்டினா விட்டுடுவீங்களா?”

“விட்டுடறேன் சார்.”

மாப்பிள்ளை தெருமுனை வரை போய்த் திரும்பி, வந்த வேகத்திலேயே வேகத்தடையைத் தாண்டினார். வண்டி துள்ளி விழுந்தது. இம்முறை ‘டிக்’ எல்லோருக்கும் கேட்டது.

வண்டியை மறுபடி லிஃப்டில் ஏற்றினார்கள். வலப்பக்கத்துக் களிமண் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவின் நடுவே பெயின்ட் உரிந்து, நகத்தளவு இரும்பு பளபளத்தது. எதிரே இருந்த ஸ்பிரிங்கின் வளையத்திலும் அதே அளவு காயம்.

“ஒரு மேட்டுக்கு இவ்வளவு” என்றார் சந்தேகம். “மலைக்கு எத்தனை மேடு வரும்?”

மாப்பிள்ளை காயத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, தூங்கும் குழந்தையைப் பார்த்தார். “இப்ப என்ன பண்ணலாம்ணே?”

“இந்த உயரத்துக்கு வேற ஆர்ம் போடணும், வர நாலு நாள் ஆகும். இன்னிக்கு ரெண்டு ஸ்பேசரையும் கழட்டிடறேன். மூக்கு தாழ்ந்துதான் போகும்.”

“போகட்டும்.”

முதலாளியம்மாவின் நீட்டிய கை எப்போதோ மடங்கிவிட்டது. அலுவலக அறைக்குப் போகும் வழியில் திரும்பாமலே சொன்னார்: “அடுத்த தடவை முதல்லயே மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லுங்க. எனக்கு ரத்தக் கொதிப்பாவது ஏறாம இருக்கும்.”

ஆறு மணிக்கு வண்டி பழையபடி மூக்குத் தாழ்ந்து வாசலில் நின்றது. வண்டிச் சாவியைக் கொடுப்பதற்குமுன் சந்தேகம் குனிந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். ஒரு தண்ணீர்ப் பாட்டில் அகப்பட்டது. அதை முதலாளியம்மாவின் மகளிடம் நீட்டினார்.