இரண்டு பிரேக் வைத்த கார்

என் தம்பிக்கு நான் கார் ஓட்டப் பழக்கினேன் என்று சொன்னால் திருகோணமலையில் சிரிக்காத ஆளில்லை. அவன் பந்தயக் கார் ஓட்டுகிறவன். அவன் வந்திருக்கிறான் என்றால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் சண்டை பிடிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் கதைத்தார்கள். நானோ அதே ஊரில் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட லேனர்ஸ், அதாவது கார் பழக்கும் பள்ளிக்கூடம், நடத்துகிறவள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்த்துப் போகும் ஆட்களை ஒரு பழைய வெள்ளைக் காரில் ஏற்றி, உட்துறைமுக வீதியில் ஊர்ந்து திரிவது என் தொழில். பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் இருக்கும் எனக்கு இன்னொரு பிரேக். ஊருக்குள் திரியும் மான் வீதியில் வந்து நின்றால் அவர்கள் மானைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் மிதிப்பேன்.

அந்தக் காரில்தான் அவனும் வந்து ஏற வேண்டியிருந்தது.

முதல் தடவை அவனுக்கு யாரும் பழக்கவில்லை. அப்பாவிடம் ஒரு லொறி இருந்தது. ஐஸ் கட்டிகளை ஏற்றிச் சல்லி, நிலாவெளிப் பக்கத்து மீன் வாடிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். லைசன்ஸ் எடுத்த கையோடு தம்பி அதில் ஏறினான். அப்பா கொண்டுபோகும் ஐஸில் பாதி தண்ணீராய்ப் போய்ச் சேரும். அவன் கொண்டுபோவது கட்டியாகவே போய்ச் சேரும். வாடிக்காரர்கள் அவனைப் புகழ்ந்தார்கள். அம்மா லொறிச் சாவியை ஒளித்துவைத்தாள். மீன் வாங்க வந்த வியாபாரி ஒருவர், சாம்பல்தீவுப் பாலத்தடியில் அவன் லொறியைத் திருப்பிய விதத்தைப் பார்த்துவிட்டு, குருநாகலில் கராஜ் வைத்திருந்த தன் மருமகனிடம் போய்ச் சொன்னார். அந்த மருமகன் பந்தயக் கார்களைக் கழற்றிப் பூட்டுகிற சிங்களப் பொடியன். இரண்டு பேரும் சேர்ந்தார்கள். அவன் பூட்டினான், தம்பி ஓட்டினான். எங்கள் வீட்டு அலுமாரியில் உடுப்பு வைக்க இடமில்லாமல் வெற்றிக் கிண்ணங்கள் வந்து குந்திக்கொண்டன.

பிறகு ஒரு ஓட்டத்தில், வளைவொன்றில், கார் மண்மேட்டில் ஏறி உருண்டது.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இடது கணுக்கால் நொறுங்கிப் போயிருந்தது. இடுப்பைப் பொருத்தினார்கள். கணுக்காலை மடங்காதபடி இறுக்கிவிட்டார்கள், அப்படித்தான் செய்ய முடியும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவன் எல்லோருக்கும் ஒரே கதையைத்தான் சொன்னான். "பிரேக் பிடிக்கேல்லை." அதைக் கேட்ட அம்மா, பார்க்க வந்த குருநாகல் பொடியனைத் தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் வாட்டு நடுவில் வைத்து ஏசினாள். அவன் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. கொண்டுவந்த பழப்பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தொலைபேசிக் கோலும் வரவில்லை.

உவர்மலையில் அம்மாவின் வீட்டுக்குப் படியேற வேண்டும் என்பதால் தம்பி என் வீட்டுக்கு வந்தான். ஒரு மாதம் என்றுதான் கதை. நான் பெரிய முட்டாள். வருடம் ஒன்று போன பிறகும் என் விறாந்தையில் இருந்த ஒரே நல்ல கதிரையில் அவன்தான் இருந்தான்.

பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பதே தனி வேலையாகிவிட்டது. எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "இனி அந்த விசர் விளையாட்டு வேண்டாம் தானே?" என்று அவனிடம் கேட்பார்கள். அவன் சிரித்து, "வேண்டாம், வேண்டாம்" என்பான். அவர்கள் படலையைத் தாண்டியதும் தொலைக்காட்சியில் எங்கோ ஒரு நாட்டில் கார்கள் உறுமத் தொடங்கும். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த என் கணவரும் சட்டையைக் கூடக் கழற்றாமல் அவனோடு இருந்துவிடுவார். குசினிக்குள் நான் கத்தினாலும் கேட்காது.

என் தொழிலைப் பற்றியும் அவனுக்கு அபிப்பிராயம் இருந்தது. "அக்கா, நீங்கள் ஆக்களுக்குக் காரை நிப்பாட்டத்தான் பழக்கிறீங்கள். ஓட்டப் பழக்கேல்லை." காலையில் ஒரு பெண்ணைப் பஸ்ஸுக்கு அடியில் போகாமல் காப்பாற்றிவிட்டு வந்திருந்த எனக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்!

ஒரு நாள் பின்னேரம் திடீரென்று கேட்டான். "அக்கா, உங்கட காரை ஒருக்கா தாங்கோ."

"எதுக்கு?"

"ஓடிப் பாக்க."

"உன்ர கால் கிளச்சை அமத்துமோ?"

"தெரியாது. அதுக்குத்தானே கேக்கிறன்."

தனியாகக் கொடுக்க மாட்டேன் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கடைசியில் நான் பக்கத்தில் இருப்பது என்று முடிவானது. பகல் வகுப்புகள் முடிந்ததும் சீனக்குடாப் பக்கம் ஆளோட்டம் இல்லாத ஒரு வீதிக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

கணுக்கால் மடங்காததால் அவன் முழுக் காலையும் இடுப்பிலிருந்து தூக்கிக் குதிக்காலால் கிளச்சை மிதிக்க வேண்டியிருந்தது. மிதிப்பதை எப்படியோ செய்துவிடுவான். விடுவதுதான் ஏலாது. கார் ஒரு பாய்ச்சல் பாயும், இருமும், நிற்கும். மறுபடி பாயும், நிற்கும். என் கழுத்து பிடித்துக்கொண்டது.

"மெதுவா விடு. கொதிதண்ணிக்குள்ள கால் வச்ச மாதிரி இழுக்காதே."

"எனக்குக் கிளச் விடச் சொல்லித் தாறீங்களோ?"

"ஓம். வேற ஆர் இந்தக் காருக்குள்ள இருக்கினம்?"

அவன் கதவைத் திறந்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, நடந்தே வீட்டுக்குப் போவேன் என்று வீதியில் இறங்கினான். நான் எழும்பி அவனுடைய இடத்தில் இருந்து, காரை அவன் பின்னால் ஊர விட்டுக்கொண்டே போனேன். கடைசியில் வெயில் தாங்காமல் வந்து ஏறினான். அடுத்த நாள் வர மாட்டான் என்று நினைத்தேன். என் வகுப்பு முடிய முன்னமே வாசலில் சப்பாத்தோடு நின்றான்.

வாரக்கணக்கில் இது நடந்தது. பிறகு ஒரு நாள் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பியது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர். ஓடத் தொடங்கிய பிறகு கிளச்சே தேவையில்லை, எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக் கியரை மாற்றலாம் என்று மாற்றியும் காட்டினான். என் பாவப்பட்ட வெள்ளைக் கார் அப்படி ஓடும் என்று எனக்கே தெரியாது. இத்தனை நாள் இந்தக் காரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வீதி ஓரிடத்தில் குளக்கட்டோடு சேர்ந்து வளையும். பெரிய வளைவொன்றுமில்லை. என் வகுப்புப் பெண்களே அதைச் சுகமாக எடுப்பார்கள். அங்கே வந்ததும் கார் வேகம் குறைந்தது.

"அக்கா, பிரேக்கில கால் வைக்காதேங்கோ."

"நான் வைக்கேல்லை."

திருப்பிக்கொண்டு வந்து மறுபடி எடுத்தான். அதே இடம். மறுபடியும் கார் முனகிக்கொண்டு மெதுவானது.

"அக்கா! சும்மா இருங்கோ எண்டெல்லோ சொன்னனான்! நீங்கள் பக்கத்தில இருந்து மிதிச்சா நான் எப்பிடி ஓடுறது?"

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இத்தனை வாரமாக என் காரை, என் கழுத்தை, என் பின்னேரங்களை எல்லாம் தந்தவள் நான். செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் சீற்றில் தூக்கி வைத்துச் சம்மணம் கொட்டிக்கொண்டேன். "இந்தா பார். இனி ஓடு."

ஓடினான். வளைவு வந்தது. என் பக்கத்துப் பிரேக் தானாகக் கீழே போனது. இரண்டும் ஒன்றோடொன்று தொடுத்தவை. ஒன்றை மிதித்தால் மற்றதும் இறங்கும். யாருடைய காலும் இல்லாத அந்தப் பிரேக் தாழ்ந்து நிற்பதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதைத் திரும்பிப் பார்த்தவன், அதைத் தானும் பார்த்தான்.

காரை ஓரத்தில் நிறுத்தினான். குளக்கட்டில் ஒருவர் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனார்.

"அண்டைக்குப் பிரேக் பிடிச்சது, அக்கா" என்றான்.

"எண்டைக்கு?"

"உருண்ட அண்டைக்கு. காரில ஒரு பிழையும் இல்லை. நான்தான் மிதிக்கேல்லை. முன்னுக்குப் போறவன் மிதிக்கட்டும், அதுக்குப் பிறகு நான் மிதிக்கிறன் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அவன் மிதிச்சான். எனக்குப் பிந்திப் போச்சு."

பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு வந்தது கோபம். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் குருநாகல் பொடியனை எங்கள் குடும்பமே சபித்துக்கொண்டிருந்தது. அம்மா சல்லி அம்மன் கோயிலில் நேர்த்திக்கடன் வைத்தபோது கூட, மகனுக்குச் சுகம் வேண்டும் என்று கேட்ட கையோடு, அவனுக்கு நல்ல தண்டனை வேண்டும் என்றும் கேட்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமோ?"

"தெரியும். உடைஞ்ச காரை அவன்தானே கழட்டிப் பாத்தவன்."

"தெரிஞ்சுகொண்டோ அம்மாவிட்ட அவ்வளவு பேச்சும் வாங்கினவன்?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எடு கோல். என்ர முன்னால எடு. இல்லாட்டி இந்தக் காரில நீ இனி ஏறுறேல்லை."

எடுத்தான். சிங்களத்தில் கதைத்தான், எனக்கு முழுதும் விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் சொல் மட்டும் விளங்கியது. பிறகு அந்தப் பொடியன் ஏதோ கேட்டான், தம்பி அதற்குத் தன் காலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். அவன் கேட்டது இதுதானாம்: "கணுக்கால் எவ்வளவு மடங்குது?"

அடுத்த ஞாயிறு அந்தப் பொடியன் பஸ்ஸில் வந்து இறங்கினான். தம்பி காலை நீட்டி வைத்திருக்க, அவன் கையால் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். கிளச்சைக் கியர்க் கம்பியோடு சேர்த்துக் கைப்பிடியாக்கலாம், மோட்டார் சைக்கிளில் போல விரலால் பிடித்து விடலாம் என்று மேசையில் விரலால் கீறிக் காட்டினான். அம்மாவிடமும் தம்பி உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா அழுதாள், பிறகு தம்பியை ஏசினாள். அதன் பிறகு இறால் குழம்பு வைத்து அந்தப் பொடியனுக்குப் போட்டுப் போட்டுக் கொடுத்து அவனைத் திக்குமுக்காட வைத்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவேயில்லை. மூன்றாம் முறையும் சோறு போட்டதைத்தான் அவன் அதற்குப் பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கைப்பிடி பூட்டிய பழைய கார் ஒன்றோடு, போன மாதம், குருநாகலுக்கு அங்கால் ஒரு செம்மண் திடலில் சின்ன ஓட்டமொன்றுக்குப் போனார்கள். தொலைக்காட்சி, பத்திரிகை எதுவும் வராத ஓட்டம். நான் போவதில்லை என்றுதான் சொல்லியிருந்தேன். வகுப்புகளைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போனேன்.

கொடி விழுந்ததும் எல்லாக் கார்களும் போக, தம்பியின் கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்து நின்றுவிட்டது. என்னிடம் முதல் நாள் பழக வருகிறவர்கள் நிற்பாட்டுவது போலவே. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. மறுபடி எஞ்சினை எழுப்பி, எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பினான். தூரத்து வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் அவனுடைய பிரேக் வெளிச்சம் மற்றவர்களுக்கு முந்தியே எரிந்தது. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்படி எரிந்தது. "மிதியாதை!" என்று கத்திவிட்டேன். வாழ்நாளெல்லாம் "மிதி, மிதி" என்று கத்திப் பிழைக்கிறவள் நான். குருநாகல் பொடியன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கடைசிச் சுற்றுகளில் இரண்டு பேரைப் பிடித்தான். ஒருவனை அந்த வளைவில், மற்றவனை நேர்ப்பாதையில். முடியும்போது அவனுக்குப் பின்னால் இரண்டே கார்கள்தான் வந்தன. முகமெல்லாம் செம்மண்ணோடு இறங்கி, காரில் சாய்ந்து, காலை நீவிக்கொண்டு நின்றான்.

"இன்னும் முந்தித்தான் பிடிக்கிறன்" என்றான்.

"தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சுது."

"ஆனா கடைசி ரெண்டு சுத்திலயும் கொஞ்சம் பிந்திப் பிடிச்சனான். பாத்தனீங்களோ?"

பார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன்.

வருட முடிவில் பெரிய ஓட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கால் எவ்வளவு தாங்கும், அந்த வளைவுப் பயம் போகுமா போகாதா, அவனை ஓட விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஊரில் கேட்கிறவர்களுக்கு, "வேண்டாம், வேண்டாம்" என்று இப்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அன்றைக்குத் திடலில் நின்றே அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"முடிஞ்சுதோ? ஆள் முழுசா இருக்கிறானோ?"

"ஓம் அம்மா. முழுசாத்தான் இருக்கிறான்."

"அப்ப அடுத்ததுக்கும் போவான்" என்றாள், அலுத்துப் போன குரலில். பிறகு, வரும்போது தயிர்ச்சட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டுக் கோலை வைத்தாள்.