அந்த ஒரு கேள்வி மட்டும் வரக்கூடாது

எண்பத்தேழாம் வருடம் நான் பயந்ததுபோல் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை. பதினாறு வருடம் லோரி ஓட்டியவன் நான். வீடு கிள்ளான் மேருவில். மரக்கட்டை ஏற்றிக்கொண்டிருந்த எங்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐந்து மாதம் வேலை இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். வேலை போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். அதற்கு மேலே ஒன்று இருந்தது. அது என் மனைவி சரசுவுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு வலிப்பு வந்திருந்தது.

முதல் தடவை காப்பாருக்குப் பக்கத்தில். லோரியை ஓரங்கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க இறங்கினேன். கண்ணைத் திறந்தபோது டயருக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்தேன். நாக்கு கடிபட்டு ரத்தம். கால்சட்டை நனைந்திருந்தது. வெயில்தான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இரண்டாவது தடவை வீட்டுக் குளியலறையில். சரசு பார்த்துவிட்டாள். கிளினிக் டாக்டர் மாத்திரை கொடுத்து, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்றார். ஓட்டாமல் வேறென்ன செய்வேன்? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் பாலன் வந்தான். பழைய கம்பெனியில் என்னோடு ஓட்டியவன், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தான். அங்கே இன்னொரு டிரைவர் வேண்டுமாம். மெனேஜர் இண்டர்வியூ வைப்பார், தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்பார் என்றான். அவனிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் அவன் நினைவுபடுத்திச் சொல்ல, ஒன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்த என் மூத்த மகள் தனம் நோட்டில் மலாயில் எழுதிக்கொண்டாள். எத்தனை வருட அனுபவம், என்ன லைசென்ஸ், போலீஸ் சம்மன் எத்தனை, இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வாய். மொத்தம் பன்னிரண்டு.

"பயப்படாத லா மாரி. டயரையும் பிரேக்கையும்தான் நோண்டுவாரு. நீ டயர்லயே பொறந்தவன்," என்று சிரித்துவிட்டுப் போனான்.

எட்டாவது கேள்வி, ஏதாவது நோய் இருக்கிறதா என்பது.

தினமும் சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றியதும் தனம் மெனேஜர் ஆகிவிடுவாள். பள்ளிக்கூட ரூலரைக் கையில் பிடித்துக்கொண்டு, திரு என்பதற்கு மலாயில் சொல்வதுபோல், "என்சிக் மாரிமுத்து, நேரா உக்காருங்க. இப்படி முழிச்சா வேலை கிடையாது," என்பாள். சின்னவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஏழு கேள்விக்கு நன்றாகச் சொல்வேன். எட்டாவதற்கு, "தாக் ஆடா," இல்லை, என்பேன். அந்த நிமிடம் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிடும். ஒன்பதாவது கேள்விக்குத்தான் மறுபடி கேட்கும்.

ஒரு வாரம் இப்படியே போனது. பொறுக்க முடியாமல், என்னதான் உனக்கு என்று சரசுவைக் கேட்டேன்.

"நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. விளக்குக்குப் பின்னால இருக்கறவருக்குக் கேக்காதா?"

"அப்ப நீ போறியா வேலைக்கு?" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரும் நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

லோரிக்காரனுக்கு முனீஸ்வரன்தான் துணை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் நான் எந்த வண்டியையும் முதல் தடவை எடுத்ததில்லை. இண்டர்வியூவுக்கு முந்தின நாள், ரோட்டோரத்தில் இருக்கும் முனீஸ்வரன் ஐயாவின் மரத்தடிக்குப் போய்ச் சுருட்டும் பழமும் வைத்து நின்றேன். வேலை கொடு என்று கேட்கவில்லை. நோயைத் தீர் என்றும் கேட்கவில்லை. "ஐயா, அந்த ஒரு கேள்வி மட்டும் வரக்கூடாது. வந்தா நான் பொய் சொல்லணும். சொல்ல வைக்காதே," என்று மட்டும் கேட்டேன்.

மாத்திரை போட்டால் தூக்கமாக வரும். அதனால் மறுநாள் காலையில் அதைப் போடவில்லை. பஸ் ஏறியதிலிருந்து அதுவே பயம். அங்கேயே, அவர் மேசைக்கு முன்னாலேயே விழுந்துவிட்டால்? ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்த நேரம் முழுக்க, நாக்கைப் பல்லுக்கு எட்டாமல் உள்ளே மடித்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மெனேஜர் வயதான சீனர். தாளைப் பார்த்து மலாயில் வரிசையாகவே கேட்டார். ஏழு முடிந்தது. என் காதுக்குள் ஒரே இரைச்சல். அவர் வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. எடுத்துப் பேசினார். வைத்தார். தாளைப் பார்த்தார். ஒன்பதாவதைக் கேட்டார்.

என் வேண்டுதலை ஐயா கேட்டுவிட்டார். பன்னிரண்டும் முடிந்தது. திங்கட்கிழமை வந்துவிடு என்றார் மெனேஜர்.

கும்பிட்டுவிட்டு எழுந்து கதவுக்கு வந்தேன். பக்கத்தில் கண்ணாடி ஜன்னல். வெளியே வேலை முடிந்த பெண்கள் கூட்டமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். சரக்கு ஏற்றிய லோரி ஒன்று அவர்களைப் பார்த்து வந்தது. என்னை அறியாமல் என் வலது கால் தரையை அழுத்தியது. லோரிக்காரன் நிறுத்தினான். பெண்கள் போய்விட்டார்கள். என் கால் மட்டும் அழுத்தியபடியே இருந்தது.

இந்தக் கால் ஒரு நாள் அழுத்தாது. அது எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். காப்பார், குளியலறை, இன்று போடாத மாத்திரை. மெனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். நான்தான் கேட்கவில்லையே, நீ ஏன் சொன்னாய் என்றார். நோட்டில் இல்லாத கேள்வி அது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று மட்டும் சொன்னேன். அவர் என் விண்ணப்பப் பாரத்தை டிராயரில் போட்டு மூடினார்.

அன்று சாயங்காலம் பாலன் வந்து திட்டினான். "அவரே கேக்கல. வாயை மூடிக்கிட்டு வர வேண்டியதுதானே? என்னா மனுசன்லா நீ!" சரசுவோ ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டாள். நான் அழுதேன். மரத்தடிப் பக்கமே போகக் கூடாது என்று ஐயா மேல் அவ்வளவு கோபம்.

ஒன்பதாம் நாள் பாலன் மறுபடி வந்தான். மெனேஜர் கூப்பிடுகிறார், ஸ்டோரில் சரக்கை எண்ணி ஏற்றிவிட ஆள் வேண்டுமாம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார் என்றான். லோரிக்காரனுக்குக் கொஞ்சம் கீழான வேலைதான். ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம், ஸ்டோரில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது விழுந்தேன். மாத்திரை போட்டும் வந்தது. கண் திறந்தபோது தலைக்குக் கீழே சாக்கு மடித்து வைத்திருந்தது. மெனேஜர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால். எனக்குக் கொடுப்பதாக இருந்த லோரி அந்த நேரத்துக்குத்தான் தினமும் பந்திங் ரோட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டும். பள்ளி விடுகிற நேரம்.

அதைச் சரசுவிடம் சொன்னபோது, கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை நான்கு பேரும் மரத்தடிக்குப் போனோம்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரி வைத்தியத்தில் இருக்கிறேன். கடைசியாக வலிப்பு வந்து ஆறு வருடம் ஆகிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு எட்டாவது கேள்வி இருக்கும். வீட்டுக்காரியிடம் சொல்ல முடியாவிட்டாலும் ஐயாவிடம் போய்ச் சொல்லுங்கள். நடுங்கிக்கொண்டே போங்கள், பரவாயில்லை. நான் கேட்டபடியே கேள்வியை வரவிடாமல் செய்தவர் அவர். கதவுவரை போன என்னைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.